பிள்ளைகளோடு சைக்கிள் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஆறு. இருவரிடமும் தனித்தனிச் சைக்கிள் இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் நானும் கணவரும் அவர்களை அழைத்துக்கொண்டு தஞ்சாவூரில் தொடங்கி, திருவையாறு, கபிஸ்தலம் வழியாகக் கும்பகோணம் வரை இரண்டு நாளில் போய்ச் சேரலாம் என்று ஆசைப்படுகிறோம். எப்படித் தயாராக வேண்டும்?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, பயணத்துக்கு நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் பருவம் நல்ல பருவம். வழியை மட்டும் இந்த முறை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கி.மீ.தான் என்றாலும், வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைப் பாலங்களில் கடக்க வேண்டிய, பேருந்துகள் ஓயாமல் ஓடும் சாலை அது. அதற்கப்பால் கும்பகோணம் 30 கி.மீ.க்கும் மேல். ஆறு வயதுக் குழந்தை 16 அங்குலச் சக்கரத்தில் மணிக்கு ஏழெட்டு கி.மீ. போவதே பெரிது. அதுவும், கால் சோர்வதற்கு வெகு முன்பே மனம் சலித்துவிடும் வயது அது. கபிஸ்தலத்துக்கு அருகில் குழந்தை இனி முடியாது என்று உட்கார்ந்துவிட்டால், திருவையாற்றுக்குத் திரும்புவதற்கும் கும்பகோணம் போய்ச் சேர்வதற்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அந்த நிலையில் பெற்றோர் குழந்தையை வற்புறுத்தத் தொடங்கிவிடுவார்கள். முதல் பயணத்தில் நடக்கக் கூடாதது அதுதான்.

ஆகவே சைக்கிள்களை ஒரு குட்டி யானையில் ஏற்றிக் கும்பகோணத்தில் இறக்கி, ஒரே விடுதியில் இரண்டு இரவுகள் தங்கி, காலைதோறும் சிறிது தூரம் போய்த் திரும்புங்கள். முதல் நாள் தாராசுரம். சுமார் 4 கி.மீ. இரண்டாம் இராசராசன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலின் முன்மண்டபம், குதிரைகள் இழுக்கும் கல் தேராகச் சக்கரங்களோடு அமைந்திருப்பதால், சைக்கிளில் வந்திறங்கும் பிள்ளைகளுக்கு அங்கே பார்க்கவும் கேட்கவும் நிறைய இருக்கும். இரண்டாம் நாள் சுவாமிமலை. தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயரில் அமைந்த அறுபது படிகளை ஏறி இறங்கிய பின், காவிரியின் வண்டல் மண்ணால் மெழுகுச் சிலைக்கு மேல் அச்சுக் கட்டி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றும் சிற்பக்கூடம் ஒன்றைக் காட்டுங்கள். திரும்பும் வழியில் குழந்தை களைத்துவிட்டாலும் ஒரு ஆட்டோ பிடித்து, அவளையும் அவளுடைய சைக்கிளையும் ஏற்றி அனுப்பிவிடலாம். திருவையாற்று வழியை மகளுக்குப் பத்து வயதாகும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பு என்றவுடன் பலர் கடைக்குப் போகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: நீங்கள் “நில்” என்று சொன்ன கணத்தில் உங்கள் மகள் இரண்டு பிரேக்கையும் பிடித்து, நேராக நின்று, காலை ஊன்றுவாளா? பின்னால் வரும் வண்டியின் ஒலி கேட்டுத் திரும்பிப் பார்க்கும்போது கைப்பிடி வலப்பக்கம் இழுக்காமல் ஓட்டுவாளா? இவை இரண்டும் கைவந்த பிறகே நாள் குறியுங்கள். இதற்கு மார்கழி முழுவதும் ஞாயிற்றுக்கிழமை விடியலில், கோயில் திருநாட்கள் நீங்கலாக, உங்கள் ஊர் உத்தர வீதிகளே போதும். நான்கு வீதி, நான்கு திருப்பம். இரண்டு பெரியவர்கள் இருப்பதால் ஒருவர் முன்னே மெதுவாகப் போக வேண்டும். அவருக்குப் பின் மகள், அடுத்து மகன், கடைசியில் மற்றவர். கடைசியில் வருபவர் பிள்ளைகளின் தடத்துக்குச் சற்று வலப்புறமாக வந்தால், பின்னால் வரும் ஓட்டுநர் முதலில் அவரைத்தான் கண்டு விலகுவார். வேகத்தை வகுப்பவள் மகள்; மகன் அதைப் பொறுத்துக்கொள்ளப் பழக வேண்டும், அவனுக்கு அதுதான் கடினமான பயிற்சி.

இருவரின் சைக்கிளையும் இரண்டு வாரம் முன்பே கடையில் காட்டுங்கள். சிறு கைகளுக்குப் பிரேக் பிடி எட்டாமல் இருப்பதைப் பெரியவர்கள் கவனிப்பதில்லை. பல பிடிகளில் உள்ள சிறு திருகாணியைத் திருகினாலே அது கைக்கு அருகில் வரும். சீட்டில் உட்கார்ந்தபடி மகளின் இரு கால் விரல்களும் தரையில் நன்கு படிய வேண்டும். தலைக்கவசம் புருவத்துக்கு மேல் இரு விரல் இடைவெளி விட்டு அமர வேண்டும். பின்னுக்குத் தள்ளிப் போட்டால் நெற்றிக்குப் பாதுகாப்பில்லை. ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தை வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். பெரிய சைக்கிளுக்கான டியூப் எந்த ஊரிலும் கிடைக்கும், 16 அங்குல டியூப் கிடைக்குமென்று நம்பிப் போகாமல், ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கூடவே காற்றுப் பம்பு, ஒட்டு, சொல்யூஷன். சுமை முழுவதும் உங்கள் இருவரின் கேரியரில் இருக்கட்டும்.

தை மாதத்துக்கே உரிய சில எச்சரிக்கைகள் உண்டு. அப்போது சம்பா அறுவடைக் காலம். சாலையோரத்தில் நெல் காயப்போட்டிருப்பார்கள். சில இடங்களில் வைக்கோலும் பரந்து கிடக்கும். அதன்மேல் சக்கரம் வழுக்கும், அடியில் இருக்கும் பள்ளமும் தெரியாது. ஆகவே அங்கெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு போகப் பழக்குங்கள். ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பின் மேல் சக்கரத்தை ஓட்டக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிக்கொடுக்கலாம். விடியலில் பனி மூடியிருக்கும், சூரியன் உதிக்கவும் ஆறரை மணிக்கு மேலாகும். எனவே வெளிச்சம் வந்த பின் கிளம்பி, கோயில் நடை சாத்தும் நண்பகலுக்கு வெகு முன்பே விடுதி திரும்புங்கள். காணும் பொங்கலன்றும் முகூர்த்த நாட்களிலும் கும்பகோணத்துச் சாலைகள் பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல. மேட்டூர் அணையை ஜனவரி 28 வரை திறந்து வைப்பது வழக்கம் என்பதால் தண்ணீர் திறந்துள்ள ஆண்டுகளில் ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் ஓட்டம் இருக்கும். கரையோரச் சாலையில் தடுப்புச் சுவர் இல்லாத இடங்களில் பிள்ளைகளை இறக்கி நடத்துங்கள், பெரியவர் கைப்பிடியில் இல்லாமல் படித்துறையில் இறங்க விடாதீர்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பேரனைப் பின் கேரியரில் உட்காரவைத்து ஓட்டலாமா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: வெறும் கேரியரில் வேண்டாம், ஐயா. தொங்கும் கால் ஆரக்கம்பிகளுக்குள் போய்க் குதிகால் சதை கிழிவதும் எலும்பு முறிவதும் சிறு குழந்தைகளுக்கு நேரும் விபத்து. முதுகுச் சாய்வும் வார்ப்பட்டையும் கால்களை மூடும் தடுப்பும் உள்ள குழந்தை இருக்கையை வாங்கிப் பொருத்துங்கள்; பின்னால் பொருத்துபவை பெரும்பாலும் 22 கிலோ வரை தாங்கும். குழந்தையை உட்காரவைத்துவிட்டு ஸ்டாண்டை நம்பிக் கையை எடுக்காதீர்கள். குழந்தை வழியில் தூங்கிவிட்டால் தலை ஒருபுறம் சாயும். அப்போது நிறுத்தித் தூக்கிக்கொள்வதே சரி.

கேள்வி: நாய் துரத்தினால் பிள்ளைகள் பயந்து வேகமாக மிதிக்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: ஓடும் சக்கரத்தைத்தான் நாய் துரத்துகிறது. நிறுத்தி, இறங்கி, நாய்க்கும் தங்களுக்கும் நடுவில் சைக்கிள் இருக்கும்படி நின்று, அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல் மெல்ல நடக்க வேண்டும் என்று வீட்டிலேயே செய்து காட்டிப் பழக்குங்கள். பல் பட்டாலோ நகம் கீறினாலோ, காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, மஞ்சளோ சுண்ணாம்போ எதுவும் தடவாமல், உடனே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று தடுப்பூசியைத் தொடங்குங்கள். பயணம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.