பெண்கள் பண விஷயத்தில் பிறவியிலேயே துணிச்சல் குறைந்தவர்களா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் டென்னிஸ் பந்தை வாளிக்குள் எறியச் சொன்னார்கள். விழுந்த பந்துக்கு நிச்சயக் காசா, இன்னொருவரை வென்றால் மூன்று மடங்கா என்பது அவரவர் விருப்பம். டான்சானியாவின் தந்தைவழி மசாய் மக்களில் போட்டியைத் தேர்ந்த ஆண்கள் 50 வீதம், பெண்கள் 26. மேகாலயாவின் தாய்வழிக் காசி (Khasi) பழங்குடி மக்களில் பெண்கள் 54, ஆண்கள் 39!

சரி, மட்டக்களப்பிலும் குடி என்னும் குலம் தாய்வழிதானே? சீதன வீட்டின் உறுதிப் பத்திரம் மகள் பெயரில்தான். ஆனால் அதை ஈடு வைப்பதா, விற்பதா என்று பல வீடுகளில் பேசி முடிப்பது அப்பாவும் அண்ணனும். பெயர் மட்டும் இருந்து என்ன பயன்?

பெண்களுக்குப் பணத்தை எடைபோடத் தெரியாததாலா இப்படி? சீட்டுப் பிடிக்கும் அக்காவைக் கவனியுங்கள். யார் தவணை தவறுவார் என்று எடைபோட்டு, அவருக்குக் கடைசிச் சீட்டைத் தள்ளிவிடுவார். கடன் கொடுக்கும் வங்கி போடுவதும் இதே கணக்குத்தான்.