அவர்கள் நிரப்பி வைத்த வீடு

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டு ஊழியத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பிப் புதிய வீட்டில் குடியேறியவர்களிடமிருந்தும், அவர்களை வரவேற்ற சபையாரிடமிருந்தும் வந்த கடிதங்கள் சேர்ந்துபோனதால், இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி, அவர்களுடைய பெயர்களையும் பணிசெய்த நாடுகளையும் நீக்கிவிட்டேன்.

கேள்வி: அன்புள்ள அம்மா, 11 ஆண்டுகள் வெளிநாட்டில் ஊழியம் செய்துவிட்டு, கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் நான்கு மாதங்களுக்கு முன் திரும்பினேன். நாங்கள் வந்து சேர்வதற்கு முன்பே, எங்களை அனுப்பிய சபையார் ஒரு வாடகை வீட்டைப் பார்த்து, கட்டில், மேசை, திரைச்சீலை, பாத்திரம் என்று எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருந்தார்கள். ஜெபித்துவிட்டு எல்லோரும் விடைபெற்றுப் போன பிறகு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த வீட்டில் ஒரு கரண்டியைக்கூட நான் தேர்ந்தெடுக்கவில்லை. இன்றும் விருந்தாளியைப் போலவே அலமாரிகளைத் திறக்கிறேன். "இவ்வளவு செய்தவர்களைக் குறை சொல்லலாமா?" என்கிறார் என் கணவர். நான் நன்றிகெட்டவளா?

பதில்: நன்றிகெட்டவர்கள் அழுவதற்குக் குளியலறையைத் தேடிப் போகமாட்டார்கள், சகோதரி, வந்தவர்களிடமே முகத்தைக் காட்டிவிடுவார்கள். கொடுத்தவர்களின் மனம் நோகக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு அழுத உங்களுக்கு அந்தச் சொல் பொருந்தாது.

நீங்கள் அழுதது விட்டுவந்த வீட்டுக்காக என்று நினைக்கிறேன். புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில், 11 ஆண்டுகளாகச் சேர்ந்த அந்த வீட்டை நீங்களே கலைத்திருப்பீர்கள். சிலவற்றை விற்று, சிலவற்றை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்து, மிச்சத்தில் விமானம் அனுமதிக்கும் எடையை மட்டும் பெட்டிகளில் அடைத்து, பயணச்சீட்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், வழியனுப்புக் கூட்டம் என்று ஓடிக்கொண்டிருந்த அந்த நாள்களில் துக்கப்பட யாருக்கும் நேரம் இருந்திருக்காது. ஓட்டம் நின்று, புதிய வீட்டில் நீங்கள் தனித்திருந்த முதல் மாலையில் அது வெளியே வந்திருக்கிறது.

போகும்போது கஷ்டமாக இருக்கும் என்று உங்களுக்குப் பலர் சொல்லியிருப்பார்கள். அதற்கென்று பயிற்சிகூட இருந்திருக்கும். திரும்பும்போது அப்படி யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் போவது அந்நிய இடம், வருவது சொந்த இடம் என்பதுதான் எல்லோருடைய கணக்கு. ஆராய்ச்சியாளர்களுக்கும் முதலில் அந்தக் கணக்கே இருந்தது. மானிடவியலாளர் காலர்வோ ஓபெர்க் 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரையில் 'பண்பாட்டு அதிர்ச்சி' பற்றிப் பேசியபோது, வெளிநாட்டில் போய் இறங்குபவர்களையே மனத்தில் கொண்டிருந்தார். அங்கே ஒருவருடைய மனம் முதலில் உற்சாகமாக இருந்து, பின்பு சரிந்து, மெல்ல மீள்கிறது, வரைந்து பார்த்தால் U போன்ற வளைகோடாக இருக்கும் என்று 1955இல் நார்வே நாட்டு ஆய்வாளர் லிஸ்கார்ட் எழுதினார். நாடு திரும்பியவர்களுக்கும் அதே சரிவும் மீட்சியும் இன்னொரு முறை நேர்கின்றன என்று 1963இல்தான் ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதியர் அந்த வளைகோட்டை நீட்டி வரைந்தார்கள். இந்தக் கோடு எல்லோருக்கும் அப்படியே பொருந்துவதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே நான்கு மாதம் ஆகியும் மனம் ஏறவில்லையே என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். திரும்பி வருவதும் ஒரு குடிபெயர்வுதான் என்ற அளவுக்கு அதை எடுத்துக்கொண்டால் போதும்.

நானும் ஒரு காலத்தில் அப்படித் திரும்பியவள்தான். வந்த பிறகு பல வாரங்கள் வரை, நள்ளிரவில் எழுந்தால் என் கை கதவுக்கு இடப்பக்கச் சுவரைத் தடவும். அங்கே சுவிட்ச் இருக்காது. அது விட்டுவந்த வீட்டில் இருந்த இடம். இருட்டில் நின்றுகொண்டு எரிச்சலோடு சிரித்திருக்கிறேன்.

இனி, செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். ஒருநாள் சமையலறை அலமாரிகளில் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துத் தரையில் பரப்பி, உங்கள் கை எங்கே நீள்கிறதோ அங்கே திரும்ப வையுங்கள். பொருள்கள் அவர்கள் கொடுத்தவையாகவே இருக்கட்டும்; எது எங்கே இருக்கும் என்ற முடிவு உங்களுடையதாக இருக்கும். கண்ணில் எப்போதும் உறுத்துகிற ஒன்றை, அது திரைச்சீலையாகவே இருந்தாலும், தயங்காமல் மாற்றிவிடுங்கள். கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றையாவது இந்த வாரமே திறந்து, அங்கிருந்து வந்த பொருள் ஒன்றை நாள்தோறும் கையில் படும் இடத்தில் வையுங்கள். காட்சிப்பொருளாகக் கூடத்தில் வைத்தால் அது வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதற்கு மட்டுமே பயன்படும். இன்னொன்றையும் கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும்: கொடுத்தவற்றில் எவை அன்பளிப்பு, எவை இரவல்? இது தெரியாமல் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் ஒரு நாற்காலியின் மீது சரியாகச் சாய்ந்து உட்காரவும் அஞ்சிக்கொண்டிருக்கின்றன. சபையில் உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு ஒரு பட்டியல் எழுதிக்கொண்டால், வேண்டாதவற்றை நன்றியோடு திருப்பிக் கொடுக்கவும் வழி பிறக்கும்.

உங்கள் கணவர் சொல்வது தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் கேட்கவேண்டிய கேள்வி அதுவன்று. நாள்தோறும் சென்று வர ஓர் அலுவலகமோ பணியோ கிடைத்திருந்தால், அவருக்கு இந்த வீடு இரவில் வந்து தங்கும் இடம். உங்களுக்கு நாள் முழுவதும் இதுவே உலகம். இதை அவரிடம் இதே சொற்களில் சொல்லிப் பாருங்கள். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் பற்றாத நிலை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். அது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவரிடம் மேற்கொண்டு விவாதிக்கவேண்டாம்.

கேள்வி: அங்கே நான் போதகன், ஓட்டுநர், கட்டட மேற்பார்வையாளன், நோயாளிகளுக்குத் துணை, எல்லாமாக இருந்தேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். என் அழைப்பு முடிந்துவிட்டதா?

பதில்: லெஸ்லி நியூபிகினை நினைத்துப் பாருங்கள். 1936இல் இந்தியாவுக்கு வந்து, 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதன் முதல் பேராயர்களுள் ஒருவராகி, பிற்பாடு சென்னைப் பேராயராகவும் இருந்து, 1974இல் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பினார். அவரும் மனைவி ஹெலனும் விமானம் ஏறவில்லை. பெரும்பாலும் பேருந்துகளில், கையில் கொண்டுபோகக்கூடிய சில பைகளோடு, தரைவழியாகவே போனார்கள். போய்ச் சேர்ந்த பிறகு பர்மிங்காமில் கற்பித்தார். சில ஆண்டுகள் கழித்து, அதே நகரில் வின்சன் கிரீன் என்ற எளிய பகுதியில் ஒரு சிறிய சபைக்குப் போதகரானார். இந்தியாவில் சந்தித்த எதையும்விட அது கடினமாக இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் தம் சொந்த நாட்டை முதன்முதலாக வந்து இறங்கியவரின் கண்ணோடு பார்க்க அவரால் முடிந்தது; அவருடைய பிற்கால எழுத்துக்களின் வலிமை அதிலிருந்து வந்தது என்பது என் கருத்து. உங்களுக்கும் இப்போது அந்தக் கண் இருக்கிறது. பழகப் பழக அது மங்கும். முதல் ஆண்டில் பொறுப்புகள் எதையும் அவசரமாக ஏற்காமல், உங்கள் தெருவில் எதெல்லாம் விசித்திரமாகத் தெரிகிறதோ அதை எழுதி வையுங்கள்.

கேள்வி: எனக்கு 15 வயது. என் பெற்றோர் மிஷனெரிகள். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் வெளிநாட்டில்தான் இருந்தோம். "சொந்த ஊருக்கு வந்துவிட்டாயே, சந்தோஷமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு இது சொந்த ஊரே இல்லை. என் பெட்டியை இன்னும் முழுவதும் காலிசெய்யவில்லை என்று அம்மா வருத்தப்படுகிறார். நான் என்ன செய்வது?

பதில்: அன்பு மகளே, உன் பெற்றோர் திரும்பி வந்திருக்கிறார்கள், நீ புதிதாக வந்திருக்கிறாய். ஒரே விமானத்தில் வந்ததால் பெரியவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் தெரிவதில்லை. இந்தக் கடிதத்தை அவர்களிடம் காட்டு.

உன்னைப் போன்றவர்களுக்கு ஒரு பெயரே உண்டு. 1950களில் ரூத் ஹில் யூசீம், ஜான் யூசீம் என்ற சமூகவியல் தம்பதியர், இந்தியாவில் வேலைநிமித்தம் வாழ்ந்த அமெரிக்கர்களை ஆராய வந்தபோது, அவர்களுடைய பிள்ளைகள் பெற்றோரின் பண்பாட்டிலும் முழுமையாக இல்லை, சுற்றியிருந்த பண்பாட்டிலும் முழுமையாக இல்லை, இரண்டுக்கும் நடுவே தங்களுக்கென ஒன்றில் வாழ்கிறார்கள் என்று கண்டு, 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்றார்கள். ஆகவே, "உன் ஊர் எது?" என்று யாராவது கேட்டால் ஒரே சொல்லில் பதில் வராதது உன் குறை அன்று. நின்று கேட்க நேரமில்லாதவருக்கு ஒரு வரிப் பதிலும், உண்மையிலேயே அறிய விரும்புகிறவருக்கு ஒரு நீண்ட பதிலும் தயாராக வைத்துக்கொள்.

இத்தகைய பிள்ளைகளோடு நெடுங்காலம் பணிசெய்த டேவிட் போலக் என்பவர், ஓர் இடத்தை நல்லவிதமாக விட்டுவர நான்கு காரியங்கள் வேண்டும் என்பார்: மனத்தாங்கல்களைத் தீர்த்துக்கொள்வது, நன்மை செய்தவர்களுக்கு அதை வாய்விட்டுச் சொல்வது, மனிதர்களிடம் மட்டுமல்லாமல் இடங்களிடமும் பொருள்களிடமும் விடைபெறுவது, போகப்போகும் இடத்தைப் பற்றி யோசிப்பது. அவசரத்தில் இவற்றுள் எது விட்டுப்போயிற்று என்று நினைத்துப் பார். சரியாகப் பேசாமல் பிரிந்த தோழி இருந்தால் இன்றைக்கே அவளைக் கூப்பிட்டுப் பேசு, காலம் கடந்துவிடவில்லை. அங்கே பேசிய மொழியை வீட்டில் வாரத்தில் ஒரு வேளையாவது எல்லோரும் பேசுங்கள், ஏனென்றால் பேசாத மொழி இளம் வயதில் வேகமாகக் கழன்றுபோகும். பெட்டியைப் பொறுத்தவரை, ஒரு மூலை மூடியே இருக்கட்டும். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

கேள்வி: மலேரியா உள்ள பகுதியிலிருந்து திரும்பிப் பல மாதங்களாகின்றன. இப்போது காய்ச்சல் வந்தால் அதை நினைத்துக் கவலைப்பட வேண்டுமா?

பதில்: மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். விவாக்ஸ் வகை மலேரியாவின் கிருமி ஈரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்தும், சில வேளைகளில் அதைவிடத் தாமதமாகவும் மீண்டும் காய்ச்சலை உண்டாக்கக்கூடும். புதிய இடத்து மருத்துவருக்கு நீங்கள் எங்கே வாழ்ந்தீர்கள் என்பது தெரியாது; கேட்கவேண்டும் என்றும் தோன்றாமல் போகலாம். காய்ச்சல் இல்லாவிட்டாலும் குடும்பத்தில் அனைவரும் ஒரு முழுப் பரிசோதனை செய்துகொள்வதும், பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

கேள்வி: நான் சபைச் செயலாளர். எங்கள் மிஷனெரி குடும்பம் அடுத்த மாதம் நிரந்தரமாகத் திரும்புகிறது. வந்த முதல் ஞாயிறு முதலே தொடர்ந்து கூட்டங்களில் அவர்களைப் பேசவைக்கத் திட்டமிட்டிருக்கிறோம். வீடும் தயார் செய்கிறோம். வேறு என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, முதலில் கூட்டங்களைக் குறையுங்கள். பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பியபோது சபையைக் கூடிவரச் செய்து, நடந்ததை அறிவித்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 14ஆம் அதிகாரம் சொல்கிறது. அடுத்த வசனம், அவர்கள் அங்கே சீஷரோடு நீண்ட காலம் தங்கினார்கள் என்கிறது. நாம் முதல் வசனத்தை மட்டும் நிறைவேற்றிவிட்டு அடுத்ததை மறந்துவிடுகிறோம்.

1812இல் அமெரிக்காவைவிட்டுப் புறப்பட்டுப் பர்மாவில் உழைத்த மிஷனெரி அதோனிராம் ஜட்சன், 33 ஆண்டுகள் கழித்து 1845இல் ஒரே ஒருமுறை தாய்நாட்டுக்கு வந்தார். வரும் வழியில்தான் அவருடைய மனைவி சாராள் செயின்ட் ஹெலினா தீவில் இறந்திருந்தார். குரலோ நோயால் நலிந்திருந்தது. அவர் மெதுவாகச் சொல்வதைப் பக்கத்தில் நிற்கும் ஒருவர் உரக்கத் திருப்பிச் சொல்லவேண்டியிருந்தது. அப்படியிருந்தும் கூட்டங்கள் அவரை விடவில்லை. நம்முடைய ஆர்வமும் அந்த வகையைச் சேர்ந்ததாக இருந்துவிடக்கூடாது.

முதல் மாதத்தில் ஒரே ஒரு வரவேற்பும், இரண்டு மூன்று பேர் மட்டும் கூடி அவர்கள் பேசுவதை மணிக்கணக்கில் கேட்கும் ஒரு மாலையும் போதும். அந்த மாலையில் பலன்களை மட்டும் கேட்காமல், நடக்காமல் போனவற்றையும் சொல்ல இடம் கொடுங்கள். இதுவரை அனுப்பிவந்த காணிக்கை எந்த மாதம் வரை தொடரும் என்பதை அவர்கள் வருவதற்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். பலர் இதைக் கேட்கக் கூச்சப்பட்டுக் கடனில் விழுகிறார்கள்.

வீட்டைப் பற்றிச் சொன்னீர்கள். படுக்கைகளும், முதல் வாரத்துக்கு வேண்டிய பாத்திரங்களும் இருந்தால் போதும். மற்றவற்றுக்காகச் சேர்த்த பணத்தை வரப்போகும் குடும்பத்துச் சகோதரியின் கையில் கொடுத்துவிடுங்கள். திரைச்சீலையும் வாங்கவேண்டாம், முதல் சில நாள்கள் சன்னலில் பழைய துணி ஒன்றைக் கட்டி வையுங்கள், அவர் வந்து தேர்ந்தெடுத்துக்கொள்வார்.