கப்பலுக்கு ஹெலிகாப்டரில் போகச் சொன்னால் மறுக்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை கிடைத்திருக்கிறது, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட கப்பல்களுக்கு ஹெலிகாப்டரில் அனுப்புவார்களாம், பயமாக இருந்தால் மறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மறுக்கலாம் தம்பி. ஏறி உட்கார்ந்து பெல்ட் மாட்டிய பிறகும் மறுக்கலாம். வீட்டில் அம்மாவும் பயந்துபோய்த்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

நான் தூத்துக்குடிக்காரன். டர்பனில் குடியேறி, கப்பல்களில் ரேடார், ரேடியோ பழுதுபார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நிலக்கரிக் கப்பலில் ரேடார் செத்துப்போனது. மாற்ற வேண்டியது மேக்னட்ரான், அதாவது ரேடார் அலைகளை உண்டாக்கும் பாகம். சாமான் சின்னதுதான், ஆனால் உள்ளே பலமான காந்தம் இருப்பதால் சுற்றிலும் இடைவெளி விட்டுப் பெரிய அட்டைப்பெட்டியில் அடைத்திருப்பார்கள். ஹெலிகாப்டரோ சிறியது, எனக்கு விமானிக்குப் பக்கத்து சீட். வேலையை ஒருங்கிணைத்தவர், "மடியில வெச்சுக்கோங்க, பத்து நிமிஷம்தானே" என்றார்.

முடியாது என்றேன். காந்தம் பக்கத்தில் இருந்தால் திசைகாட்டி பிசகும். பெட்டி நழுவினால் நேரே விமானியின் கட்டுப்பாட்டுத் தண்டில்தான் போய் மோதும். கப்பல் காத்திருக்கிறது, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எவ்வளவு நஷ்டம் தெரியுமா என்று அவர் குரலை உயர்த்தினார். நான் இறங்கி நின்றுவிட்டேன். விமானி எஞ்சினை அணைத்துவிட்டு வந்து பெட்டியை வாங்கினார், பின்னால் சாமான் அறையில் வைத்து வலை போட்டுக் கட்டினார், பட்டையை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். என்னிடம் முகம் சுளித்து ஒரு வார்த்தை பேசவில்லை. நிறுவனம்தான் 'ஒத்துழைக்காதவர்' என்று என்மேல் புகார் எழுதியது. அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

ஒரு பெட்டிக்கு இவ்வளவு அலட்டலா என்று இங்கேயும் சிலர் கேட்பீர்கள். 2025 ஜனவரி 19 அன்று, இதே தென்னாப்பிரிக்காவில், ஈஸ்டர்ன் கேப் மாகாணக் கரைக்கு அப்பால் உள்ள பேர்ட் தீவில் ராபின்சன் ஆர்44 என்ற சிறிய ஹெலிகாப்டர் ஒன்று கிளம்பியது. பறவைக் கணக்கெடுப்புக்குப் போனவர் ஒரு பென்குயினை அட்டைப்பெட்டியில் வைத்து மடியில் வைத்திருந்தார். சுமார் 15 மீட்டர் உயரத்தில் பெட்டி நழுவி, சைக்ளிக் என்கிற அந்தத் தண்டில் விழுந்தது. ஹெலிகாப்டர் வலப்பக்கம் சாய்ந்து, இறக்கைகள் தரையில் அடித்து நொறுங்கின. எல்லோரும், பென்குயினும்கூட, காயமில்லாமல் தப்பினார்கள். விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விசாரணை அறிக்கையிலேயே இது இருக்கிறது.

நான் விமானி இல்லை, அவர்களைக் குறை சொல்லவும் வரவில்லை. அவர்களை அவசரப்படுத்துகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே விழுந்த ராணுவ ஹெலிகாப்டரில் 14 பேர் இறந்தார்கள். வானிலை திடீரென்று மாறி மேகத்துக்குள் புகுந்ததில் விமானிக்குத் திசையுணர்வு குழம்பியதுதான் காரணம் என்றது விசாரணைக் குழு. அவ்வளவு தேர்ந்தவர்களுக்கே அந்தக் கதி. டர்பனிலும் தென்மேற்குக் காற்று சொல்லாமல் கொள்ளாமல் திரும்பும். விமானி "இன்னைக்கு வேண்டாம்" என்றால் "எப்போ கிளம்பலாம்" என்று நச்சரிக்காதீர்கள்.

அடுத்து தண்ணீர். எஞ்சினும் கியர்பாக்ஸும் மேலே இருப்பதால் கடலில் விழுந்த ஹெலிகாப்டர் சட்டென்று தலைகீழாகக் கவிழும். அதற்கென்றே ஹூயட் என்ற பயிற்சி உண்டு. சீட்டோடு குளத்தில் இறக்கி உங்களைக் கவிழ்ப்பார்கள், மூக்கில் தண்ணீர் ஏறும், எந்தப் பக்கம் மேல் என்றே தெரியாது. ஒரு கை ஜன்னல் விளிம்பை விடக் கூடாது, இன்னொரு கை பெல்ட் பக்கிளில். ஆட்டம் நின்ற பிறகே பெல்ட்டைக் கழற்ற வேண்டும், முன்பே கழற்றினால் உடம்பு மிதந்து வழி தவறிவிடும். லைஃப் ஜாக்கெட்டை வெளியே வந்துதான் ஊத வேண்டும், உள்ளேயே ஊதினால் கூரையில் ஒட்டிக்கொள்வீர்கள். 2022 ஜூனில் மும்பைக்கு அப்பால் மும்பை ஹை எண்ணெய் வயல் பகுதியில் கடலில் விழுந்த ஹெலிகாப்டரில் 9 பேரில் 5 பேர் பிழைத்தார்கள். ஆக, விழுந்தால் முடிந்தது கதை என்று நினைக்க வேண்டாம்.

ஏறும்போது விமானியின் கண்ணில் படும்படி, குனிந்து, அவர் சைகை காட்டிய பிறகு போங்கள். வால் பக்கம் போகவே கூடாது, சுழலும் வால் விசிறி கண்ணுக்கே தெரியாது. தொப்பி வேண்டாம்.

   

சரி, வேலைக்குச் சேரும் முன் ஹூயட் பயிற்சிக்கு யார் பணம் கட்டுவது, காப்பீட்டில் ஹெலிகாப்டர் பயணம் சேருமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பல தனிநபர் விபத்துக் காப்பீடுகளில் வழக்கமான பயணிகள் விமானம் தவிர மற்றதற்குப் பணம் கிடையாது. நிறுவனம் எழுதித் தர மறுத்தால் அந்த வேலை உங்களுக்கு வேண்டாம் தம்பி.