'ஏன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லான 'ஒய்' (why) எங்கிருந்து வந்தது? காரணம் கேட்க மட்டும்தான் அது பயன்படுமா?

'ஒய்' என்பது 'வாட்' என்ற சொல்லின் வேற்றுமை வடிவம்தான். பழைய ஆங்கிலத்திலும் தமிழைப் போல வேற்றுமைகள் இருந்தன. 'எது' என்பது 'ஆல்' உருபு ஏற்று 'எதனால்' ஆகிறதல்லவா? அதே கணக்கில் 'வாட்'டின் பழைய வடிவமான 'ஹ்வேட்' என்பது 'ஹ்வீ' ஆனது. பிற்பாடு வேற்றுமைகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட, இது தனிச்சொல்லாகத் தங்கிவிட்டது. 'ஹௌ'வும் அந்தக் குடும்பம்தான்.

எழுத்துக்கூட்டலில் ஒரு வேடிக்கை. முதலில் 'எச்'தான் முன்னால் இருந்தது. 1066-இல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, எழுத்தர்கள் 'டபிள்யூ'வை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். எழுத்து இடம் மாறியதே தவிர அப்போது ஒலி மாறவில்லை. ஸ்காட்லாந்தில் பலர் இன்னமும் 'ஹ்வை' என்றுதான் சொல்கிறார்கள்.

காரணம் கேட்பது அதன் முதல் வேலை. ஆனால் 'ஒய் டோன்ட் யூ சிட் டவுன்?' என்று ஒருவர் சொன்னால், நிற்பதற்கு விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். 'உட்காருங்களேன்' என்கிறார், அவ்வளவுதான். 'ஒய், இட்ஸ் யூ!' என்பதில் கேள்வியே கிடையாது; 'அட, நீயா!' என்ற வியப்பு. இது கொஞ்சம் பழைய பாணி. இன்றைய பேச்சில் அரிது.

'தி ரீசன் ஒய்' என்பது கூறியது கூறல் என்று சிலர் திருத்துவார்கள். நூற்றாண்டுகளாக வழக்கில் உள்ளது, தயங்காமல் எழுதலாம்.