கார் ஏற்றும் டிரெய்லருக்குப் பின்னால் கார் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கலாம்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் கார் ஏற்றும் வண்டி டிரெய்லரோடு சேர்த்து 80 அடி நீளம் வரை இருக்கலாம், ஏற்றிய கார் முன்னால் 4 அடிக்குள்ளும் பின்னால் 6 அடிக்குள்ளும் வெளியே நீட்டலாம் என்று படித்தேன். நம் நாட்டில் எவ்வளவு?

பின்னால் ஒரு அங்குலம்கூட நீட்டக் கூடாது. முன்னாலும் அப்படித்தான், பக்கவாட்டிலும் அப்படித்தான்.

நீங்கள் பழைய கார் கேரியர் ஒன்றை விலை பேசி வைத்திருக்கிறீர்கள், விற்கிறவர் "கொஞ்சம் நீட்டினா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். 11 வருடம் கார் கேரியர் ஓட்டினேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லோடு ஏற்றி நாகர்கோவில், திருவனந்தபுரம், கொல்லம் வரை இறக்குவோம்.

முதலில் கணக்கு. டிராக்டரும் (முன்னால் இழுக்கிற வண்டி) டிரெய்லரும் சேர்ந்து 18.75 மீட்டர் வரை இருக்கலாம். உயரம் 4.75 மீட்டர், அகலம் 2.6 மீட்டர். ஒரே சேஸில் கட்டிய வண்டி என்றால் நீளம் 12 மீட்டர்தான். ஓவர்ஹாங் என்பது பின்சக்கரத்துக்கு அப்பால் தொங்கும் பகுதி. அது வீல்பேஸில், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே உள்ள தூரத்தில், 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீல்பேஸ் 6 மீட்டர் என்றால் 3.6 மீட்டர். இது வண்டியின் ஓவர்ஹாங். பல பேர் இதையும் லோடு நீட்டுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். பாடி முடிகிற இடத்தோடு லோடும் முடிய வேண்டும். மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், அதோடு இறக்குகிற செலவும் உங்கள் தலையில். லோடைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்கவும் விடமாட்டார்கள். களியக்காவிளையில் நடுரோட்டில் ராம்பை (கார் ஏறி இறங்கும் சாய்வுத் தட்டு) இறக்கி, புது காரை ரிவர்ஸில் இறக்கி, பின்னால் நிற்கிற பஸ்காரர்களிடம் ஏச்சு வாங்கிப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

நான் வக்கீல் இல்லை. கணக்கில் சந்தேகம் இருந்தால் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்து சொல்லப்போவதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2012. நான் ஓட்டியது 22 மீட்டர் வண்டி. அப்போது அந்த மாதிரி வண்டிகள் நிறைய ஓடின. 4 மீட்டருக்குள் அடங்கும் சின்ன கார் என்றால் இரண்டு தட்டிலும் சேர்த்து ஒழுங்காக உட்கார்ந்துவிடும். அன்று லோடு பெரிய கார்கள். கீழ்த்தட்டில் கடைசிக் காரின் பின்பக்கம் இரண்டரை அடி வெளியே நின்றது. ஓனரிடம் போனில் சொன்னேன். "ஒரு மீட்டர் வரைக்கும் சட்டத்துலயே இருக்கு, பயப்படாம எடு" என்றார். அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. கம்பி, கழி மாதிரியான சாமான் பின்னால் ஒரு மீட்டர் வரை நீட்டலாம் என்று அப்போது ஒரு விலக்கு இருந்தது. அதைக் காருக்கும் இழுத்துப் பேசினார். நானும் ஏற்றுக்கொண்டேன். இது என் தப்புதான், மறைக்கவில்லை. சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தக்கலை தாண்டி மார்த்தாண்டம் வரும் ரோடு தெரியுமல்லவா? இப்போது 66 என்கிறார்கள், எங்களுக்கு இன்றும் அது 47தான். மேடு, வளைவு, ரோட்டை ஒட்டியே மதில். காலை எட்டேமுக்கால் இருக்கும். எதிரே ஒரு ஸ்கூட்டர், அப்பாவும் பள்ளிக்கூடச் சீருடையில் மகளும். என் கேபினைத் தாண்டிப் போய்விட்டார்கள், கண்ணால் பார்த்தேன். அடுத்த நொடியே எதிரே பஸ். அதற்கு வழி விட இடப்பக்கம் ஒடித்தேன்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மூக்கை இடப்பக்கம் ஒடித்தால், சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் பகுதி வலப்பக்கம் வீசும். தொங்குவது நீள நீள வீச்சும் கூடும். டிரைவரின் கண் அந்த நேரத்தில் எதிரே வருகிற பஸ்ஸில்தான் இருக்கும். கண்ணாடியில் டிரெய்லரின் விளிம்பு தெரியும், அதற்கும் அப்பால் துருத்திக்கொண்டு நிற்கிற காரின் பம்பர் தெரியாது. அமெரிக்காவில் 6 அடி விடுகிறார்களே என்றால், அந்த நீளத்தை அனுமதித்திருக்கிற வண்டியில் டிரெய்லரை இணைக்கும் கொக்கி டிராக்டரின் பின் ஆக்சிலுக்கும் பின்னால் தாழ்வாக இருக்கும். திரும்புகிற விதமே வேறு. ரோடும் வேறு. அந்த எண்ணை எடுத்துவந்து நம் வில்லுக்குறி வளைவில் வைக்க முடியாது.

கிளீனர் பையன் பாடியைத் தட்டி, "அண்ணே, நிறுத்துங்க" என்று அலறினான். எனக்குச் சின்ன அதிர்வுகூடத் தெரியவில்லை. இறங்கி ஓடிப் பார்த்தால் ஸ்கூட்டர் மதிலில் சாய்ந்து கிடக்கிறது. அந்தப் பிள்ளை இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை. சாயாக்கடையிலிருந்து ஒரு பாட்டி ஓடிவந்து, "மக்களே, பிள்ளைக்க கைய அசைக்காத" என்று சேலைத் தலைப்பால் தாங்கிப் பிடித்தாள். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிவு. ஆட்டோவில் நானும் கூடப் போனேன். ஓடிப்போகவில்லை, அதை மட்டும் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. அப்பாவுக்குத் தோளில் நல்ல அடி. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "நீங்க முன்னால பாத்துதான் ஓட்டுவீங்க. பின்னால இப்பிடி நீட்டி வச்சு அனுப்பினது யாரு?" என்றார். பதில் சொல்ல வரவில்லை.

வழக்கு என் பேரில். ஓனர் மூன்று மாதப் படியில் கழித்துக்கொண்டார். 2014-ல் அந்த ஒரு மீட்டர் விலக்கையே எடுத்துவிட்டார்கள். கம்பி ஏற்றிய லாரிகளின் பின்னால் மோதிச் செத்தவர்களால் வந்த மாற்றம் அது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று அந்தப் பிள்ளையைத்தான் நினைத்தேன்.

இதைப் படித்துவிட்டு, "அப்போ முப்பந்தலுக்கு வருகிற காற்றாலை இறக்கை?" என்று யாராவது கேட்பார்கள். அது பிரிக்க முடியாத லோடு. தனி அனுமதி வாங்கி, முன்னும் பின்னும் ஆள் வைத்துக் கொண்டுவருவார்கள். ஏழு கார் ஏற்றினால் நீட்டுகிறது என்றால் ஆறு ஏற்றலாம். அது பிரிக்கக்கூடிய லோடு. "வாடகை கட்டுப்படியாகாது" என்பவர்களுக்கு நானும் அந்த ஏழாவது காரின் வாடகைக்கு ஏங்கியவன்தான் என்று மட்டும் சொல்கிறேன்.

கேட்டது இதுவல்ல, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் ஓட்டி, ஒரு கீறல் இல்லாமல் காரைக் கொண்டுபோய் இறக்கினால், பல ஷோரூம்களில் டிரைவரைக் கழிப்பறைக்குள் விடமாட்டார்கள். கார் வாங்க வருகிறவருக்கு ஜூஸ் கொடுப்பார்கள். அந்தக் காரைக் கொண்டுவந்தவன் ரோட்டோரம் மறைவு தேடிப் போக வேண்டும். ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரைக்கும் 19 மீட்டர் வண்டியை நிம்மதியாக நிறுத்தித் தூங்க ஒரு இடம் காட்டுங்கள். தூக்கம் கெட்ட டிரைவர் பின்பக்க வீச்சை எங்கே கணக்குப் பார்ப்பான்? இதை எழுதாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். பழைய கேரியர்களில் பின்னால் ராம்பை வெல்டிங் வைத்து நீட்டியிருப்பார்கள், பெயின்ட் அடித்தால் தெரியாது. பதிவு ஆவணங்களில் நீளமும் ஓவர்ஹாங்கும் என்ன போட்டிருக்கிறது என்று வாங்கிப் பாருங்கள். பிறகு நீங்களே டேப் பிடித்து முன் பம்பரிலிருந்து ராம்பின் கடைசி இரும்பு வரை அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.