நேர்த்திக்கடனைத் தள்ளிவைத்தால் சாமி குத்தம் ஆகுமா?

கேள்வி: எங்களுக்கு உசிலம்பட்டி பக்கம். பத்தாவது படிக்கும் என் மகனுக்கு 15 வயது. தை மாதம் அவனுக்கு ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். வகை என்று சொன்னார்கள். மதுரை பெரியாஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்துப் பார்த்தோம். இப்போது மஜ்ஜையில் நோய் தெரியவில்லையாம். ஆனாலும் இரண்டரை வருஷம் மருந்து வேண்டும் என்கிறார்கள். என் மாமியாரோ, "கருப்பசாமி காப்பாத்திட்டாரு, இனி ஊசி எதுக்கு?" என்கிறார். சித்திரைத் திருவிழாவில் பேரன் வேஷம் கட்டி அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுவான் என்றும் நேர்ந்துவிட்டார். எனக்கும் நம்பிக்கை உண்டு, செவ்வாய் வெள்ளி விரதம் இருக்கிறேன். மறுத்தால் சாமி குத்தமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மகனோ திருநீறு பூசவே விடுவதில்லை. "சாமி இருந்தா எனக்கு ஏன் இது வந்துச்சு?" என்கிறான். என் வீட்டுக்காரர் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் வாய் திறப்பதில்லை. என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மருந்தை நிறுத்தக் கூடாது. இதில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மற்ற எல்லாவற்றிலும் உங்கள் மாமியார் மனம் நோகாமல் நடந்துகொள்ள வழி இருக்கிறது.

இந்த நோயைக் கண்டுபிடிக்கும்போது உடம்பில் ஏறக்குறைய லட்சம் கோடி புற்றுச் செல்கள் இருக்கும் என்பது மருத்துவக் கணக்கு. முதல் கட்ட மருந்தில் பெரும்பகுதி அழிந்துவிடும். மஜ்ஜையை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது அந்தச் செல்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே வந்திருந்தால் நோய் அடங்கிவிட்டது என்று எழுதுவார்கள். அப்போதும் கண்ணுக்கு அகப்படாமல் கோடிக்கணக்கில் மிச்சம் இருக்க முடியும். அதைத் தேடுவதற்குத்தான் எம்.ஆர்.டி. என்று தனியாக ஒரு பரிசோதனை உண்டு, பத்தாயிரத்தில் ஒரு செல் இருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். மகனுக்கு அதைச் செய்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். முழுதாக வைத்தியம் செய்துகொண்டால் குணமாகிற வாய்ப்பு நன்றாக உள்ள நோய் இது. பாதியில் விட்டால் திரும்பி வரும். திரும்பி வந்தது பழைய மருந்துக்கு அவ்வளவு லேசில் மசியாது.

அப்பத்தாவிடம் செல் கணக்கு எடுபடாது. கோரையைச் சொல்லுங்கள். மேலே அறுத்துப் போட்டால் காடு சுத்தமாகத்தான் தெரியும். கிழங்கு அடியில் கிடந்து ஒரு மழைக்குக் கிளம்பிவிடும். காடுகரை பார்த்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்காது. கருப்பசாமி காப்பாற்றினார் என்று அவர் சொல்வதை வெட்டிப் பேசவும் வேண்டாம். "ஆமாம் அத்தை, அவர்தான் நல்ல டாக்டர் கையில் விட்டிருக்கார், முழுசா முடிச்சுட்டு வருவோம்" என்று சொல்லுங்கள். நீங்களும் அதை நம்புகிறவர்தானே.

அடுத்தது திருவிழா. மகன் இந்தச் சித்திரையில் வேஷம் கட்டவே கூடாது. ரத்தத்தில் கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோபில் அணுக்கள் 500க்குக் கீழே போனால், நம் உடம்பில் சும்மா கிடக்கும் கிருமியே அவன் உயிருக்கு ஆபத்தாகும். கீமோவுக்குப் பின் ஒரு வாரம், பத்து நாளில் இந்தக் கவுண்ட் சடசடவென இறங்கும். அந்த நேரத்தில் லட்சக்கணக்கான ஜனத்துக்குள், சித்திரை வெயிலில், தோல் பையில் கிடக்கும் தண்ணீரோடு நிற்பது என்றால் நினைத்துப் பாருங்கள். அவன் சாப்பிடும் மருந்துகளில் சில, வெயிலில் தோலைச் சீக்கிரம் பொசுக்கிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையத்தைச் சுற்றிப் போக்குவரத்தையே மாற்றிவிடுவார்கள். காய்ச்சல் வந்தால் பெரியாஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தும் உள்ளே போய்ச் சேர முடியாது.

வேண்டுதலை என்ன செய்வது? மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் காசை முடிந்து சாமி படத்தின் முன்னால் வைத்து, வைத்தியம் முடிந்ததும் நிறைவேற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்வது நம் பக்கம் காலகாலமாக இருக்கும் வழக்கம். கடனை ஒப்புக்கொண்டு தவணை கேட்பதில் குத்தம் ஒன்றும் இல்லை. இந்த வருஷமே செய்தாக வேண்டும் என்று மாமியார் பிடிவாதமாக இருந்தால், சித்தப்பாவோ தாய்மாமனோ அவனுக்காக வேஷம் கட்டட்டும். வேஷத் துணியை மகன் கையால் எடுத்துக் கொடுக்கட்டும், அழகர் இறங்குவதை டிவி நேரலையில் பார்க்கட்டும். உங்கள் குலதெய்வக் கோயில் பூசாரியை முன்கூட்டியே பார்த்து நிலைமையைச் சொல்லிவையுங்கள். மருமகள் சொன்னால் எடுபடாதது பூசாரி வாயால் வந்தால் எடுபடும். கவுண்ட் நன்றாக இருக்கும் சமயத்தில், டாக்டரைக் கேட்டுவிட்டு, கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் விடியற்காலையில் மகனைக் கோயிலுக்குக் கூட்டிப் போகலாம், அவனுக்கு விருப்பம் இருந்தால்.

முடி காணிக்கைக்கு நேர்ந்திருந்தாலும் இதே வழிதான். கீமோவில் முடி கொட்டுகிறதென்று கோயில் வாசலில் உட்காரவைத்துக் கத்தி போட விடாதீர்கள். பிளேட்லெட் குறைந்திருக்கும்போது சின்னக் கீறலில்கூட ரத்தம் நிற்காது. வீட்டிலேயே, சுத்தம் செய்த மெஷினால் ஒட்ட வெட்டுவதுதான் பாதுகாப்பு. அலகு குத்துவது, தீ மிதிப்பது எதுவும் வைத்தியம் முடிகிறவரை அவனுக்கு ஆகாது.

திருநீறு நெற்றியில் பூசலாம், வாயில் போட வேண்டாம், ஊசிக் குழாய் போட்ட இடத்துக்கு அருகே தூவ வேண்டாம். கயிறு கட்டினால் குழாய் இல்லாத கையில் கட்டுங்கள். நனைந்து அழுக்கேறிய கயிறு கிருமிக்கு வீடு, மாற்றிவிடுங்கள். தாயத்தை ஸ்கேனுக்குப் போகும்போது கழற்றிவிட வேண்டும். தீர்த்தம், பஞ்சாமிர்தம், அபிஷேகப் பால், பச்சரிசி மாவில் இடிக்கும் மாவிளக்கு எதுவும் அவனுக்கு வேண்டாம். காய்ச்சாதது, பலர் கை பட்டது, வெளியில் வெகுநேரம் இருந்தது என்று இவற்றில் ஏதாவது ஒரு குறை இருக்கும். வீட்டில் பொங்கல் வைத்து, சூடு ஆறுவதற்குள் படைத்துக் கொடுத்தால் அதுவும் பிரசாதம்தானே.

யாராவது மூலிகைப் பொடியோ லேகியமோ கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி வையுங்கள், கொடுக்காதீர்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டும் மெர்காப்டோபியூரினும் ஏற்கனவே கல்லீரலை உரசிப் பார்க்கும் மருந்துகள். இதோடு வேறொன்றும் சேர்ந்து கல்லீரல் கணக்கு எகிறினால், எதனால் என்று தெரியாமல் டாக்டர் கீமோவையே தள்ளிப்போட வேண்டிவரும். கடையில் வாங்கும் சத்து மாத்திரையும் கேட்காமல் வேண்டாம். அதில் இருக்கும் ஃபோலிக் ஆசிட் மெத்தோட்ரெக்ஸேட்டின் வேலைக்குக் குறுக்கே நிற்கும்.

இனி சொல்லப்போவதை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து படியுங்கள். காய்ச்சல் 101 டிகிரி ஒரு முறை காட்டினாலும், 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நின்றாலும், நடுராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். உங்கள் வார்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். போனில் டாக்டரைக் கேட்பதற்கு முன் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், அது காய்ச்சலை மறைத்துவிடும், உள்ளே கிருமி வளர்ந்துகொண்டிருக்கும். ஆஸ்பிரின், புரூஃபன் கூடவே கூடாது, ரத்தக் கசிவு வரும். பக்கத்து ஊரில் இடுப்பில் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று நேரத்தைக் கழிக்காதீர்கள். உசிலம்பட்டியிலிருந்து மதுரை வர முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். ஃபைல், கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள், கைச்செலவுக்குப் பணம், இரண்டு செட் துணி எல்லாம் ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். வண்டிக்காரர் நம்பரோடு 108ஐயும் சுவரில் எழுதி வையுங்கள். அப்பத்தா சாமி கும்பிட்டுத் திருநீறு பூசட்டும், வண்டி வந்து நிற்கிறவரை.

அம்மை பற்றியும் சொல்ல வேண்டும், கோடை வந்துவிட்டது. தெருவில், பள்ளியில், உறவில் யாருக்காவது அம்மை போட்டு, மகன் அவர்களோடு இருந்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுங்கள். கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அது பரவும். தடுக்கும் ஊசியை நான்கு நாளுக்குள் போடுவது நல்லது, தாமதமானாலும் பத்து நாள்வரை போடலாம். அவனுக்கே கொப்புளம் வந்தால் வேப்பிலையில் படுக்கவைத்துத் தலைக்குத் தண்ணி ஊற்றும்வரை காத்திருக்கக் கூடாது. இந்த நிலையில் அம்மை நுரையீரல், ஈரல்வரை போகும். நரம்பில் மருந்து ஏற்றியே தீர வேண்டும். வேப்பிலையை வாசலில் கட்டுங்கள், மாரியாத்தாளை வேண்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பையனிடம் வருவோம். அவன் கோபத்தில் பாதி மருந்தின் கோபம். டெக்ஸாமெதசோன், பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு ஓடும் வாரங்களில் எரிச்சல், அழுகை, தூக்கமின்மை, அடங்காப் பசி எல்லாம் வரும். மீதிப் பாதி நியாயமான கேள்வி. அதற்கு "நீ ஒழுங்கா கும்பிடல", "முன்ஜென்மப் பாவம்", "குலதெய்வக் குத்தம்" என்று யாரும் பதில் சொல்லக் கூடாது. சொந்தக்காரர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். எலும்பு மஜ்ஜையில் ஒரு செல் தவறாகப் பிரிந்து வந்த நோய் இது. அவன் செய்ததாலோ நீங்கள் செய்யாததாலோ வந்ததல்ல, யாருக்கும் ஒட்டிக்கொள்வதும் அல்ல. "எனக்கும் ஏன்னு தெரியல கண்ணு" என்று அவனிடம் சொல்லலாம், அது அவநம்பிக்கை ஆகாது. திருநீறு வேண்டாம் என்றால் விடுங்கள். நீங்கள் விளக்கேற்றுங்கள், பக்கத்தில் உட்காருவதும் போவதும் அவன் இஷ்டம். உடம்பில் ஊசி எங்கே, எப்போது என்று எதுவும் அவன் கையில் இல்லாத நேரம் இது. நெற்றியாவது அவனுடையதாக இருக்கட்டும்.

தீவிர சிகிச்சை முடிந்து மாத்திரைக் கட்டம் வரும்போதுதான் இந்த வயதுப் பிள்ளைகள் தவறவிடுகிறார்கள். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை ஒளித்துவைப்பதும் உண்டு. நூற்றுக்கு ஐந்து வேளைக்கு மேல் விட்டாலே நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. மாதத்துக்கு இரண்டு நாள் விட்டாலே அந்தக் கணக்கு வந்துவிடும். உங்கள் வீட்டுத் தினசரி காலண்டரையே இதற்குப் பயன்படுத்துங்கள். ராத்திரி மெர்காப்டோபியூரின் விழுங்கிய பிறகுதான் அன்றைய தாளை அவன் கிழிக்க வேண்டும். விழுங்குவதை நீங்கள் கண்ணால் பாருங்கள். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும். அதைத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் அந்தக் கிழமைத் தாள்களில் முன்கூட்டியே சிவப்பு மையால் வட்டம் போட்டுவிடுங்கள். மாத்திரையைச் சாமி அலமாரியில் விளக்குச் சூட்டில் வைக்க வேண்டாம், பொடி செய்யவும் வேண்டாம், தொட்ட கையைக் கழுவுங்கள். கர்ப்பிணிகள் யாரும் தொடக் கூடாது.

உங்கள் விரதம்: ஆஸ்பத்திரி நாளும் விரத நாளும் ஒன்றாக வந்தால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வார்டில் மயங்கி விழும் அம்மாவால் மகனுக்கு உபயோகமில்லை. பிள்ளைக்கு எந்த விரதமும் கிடையாது, ஸ்டீராய்டு வெறும் வயிற்றில் போகக் கூடாது.

"நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்கும் உறவினருக்கு ரத்ததானத்தைச் சொல்லுங்கள். 18 வயது முடிந்து, 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் கொடுக்கலாம். பிளேட்லெட் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது என்பதால் எல்லோரும் ஒரே நாளில் போகாமல் பெயர்ப்பட்டியல் போட்டு முறைவைத்துப் போகட்டும். பெற்றோர், கூடப்பிறந்தவர்கள் ரத்தத்தை அவனுக்கே ஏற்றுவதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும். நெருங்கிய ரத்த உறவில் சில சிக்கல்கள் உண்டு.

அடுத்த ஓ.பி. நாளில் மாமியாரையும் வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். எம்.ஆர்.டி. முடிவு என்ன, இப்போது கவுண்ட் எவ்வளவு, கோயிலுக்கு எப்போது போகலாம், வைத்தியம் எந்த வருஷம் எந்த மாதம் முடியும் என்று நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, அப்பத்தாவையே கேட்கச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் மாதத்தை அந்த மஞ்சள் துணி முடிச்சின் மேல் எழுதிவைத்துவிடலாம்.