லீஸ் எண்பது ஆண்டுக்குக் கீழே இறங்கும் முன் நோட்டீஸ் கொடுங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. நானும் மனைவியும் 2012-ல் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இரண்டு அறை பிளாட் ஒன்றை வாங்கினோம். 99 ஆண்டு லீஸ் (நீண்டகாலக் குத்தகை) என்பதால் இன்னும் 85 ஆண்டு மிச்சம் இருக்கிறது. இன்று விற்றால் 320,000 பவுண் வரை போகும் என்கிறார்கள். கட்டட உரிமையாளருக்குக் கட்டும் நிலவாடகை ஆண்டுக்கு 200 பவுண். போன மாதம் கட்டட உரிமையாளரின் முகவர் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். 16,000 பவுண் கொடுத்தால் லீஸை 125 ஆண்டாக்கித் தருவார்களாம், 28 நாளுக்குள் பதில் வேண்டுமாம். புதுச் சட்டம் வந்தால் செலவு குறையும், பொறுத்திருங்கள் என்கிறார் மைத்துனர். ஐந்தாறு ஆண்டில் இதை விற்றுவிட்டுப் பெரிய வீட்டுக்குப் போக எண்ணம். ஐசாவில் (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) 9,000 பவுண் இருக்கிறது. மீதிக்கு, நான் கட்டிவரும் 10,000 பவுண் சீட்டைக் கழித்து எடுக்கலாமா? 1,500 கழிவு போகும். லீஸ் பிரதியை இணைத்திருக்கிறேன்.

– வாசகர், ஈஸ்ட்ஹாம்

பதில்: பிரதியை இணைத்தீர்களே, அது பெரிய உதவி. உங்கள் கேள்விகளைவிட முக்கியமான ஒன்று அதில் இருக்கிறது. லீஸ் காலத்தைக் குறிப்பிடும் பத்தியை எடுத்துப் பாருங்கள். ‘25 மார்ச் 2008 முதல் 99 ஆண்டுகள்’ என்று எழுதியிருக்கிறது. நீங்கள் வாங்கிய 2012-லிருந்து அல்ல. அந்த வீட்டுக்கு முதன்முதலில் லீஸ் எழுதியபோதே கணக்கு தொடங்கிவிட்டது. உங்களுக்கு முன் இருந்தவர் நான்கு ஆண்டுகளைக் கழித்துவிட்டுத்தான் உங்களிடம் விற்றிருக்கிறார். ஆகவே உங்களிடம் மிச்சமிருப்பது 85 ஆண்டு அல்ல, 80 ஆண்டும் சில மாதங்களும். 2027 மார்ச் 25 அன்று அந்தச் சில மாதங்களும் தீர்ந்துவிடும்.

நம்மவர்கள் இந்தக் கணக்கில் தவறுவதை அடிக்கடி பார்க்கிறேன். ஊரில் உறுதி எழுதினால் காணி நம்முடையது, பேரப்பிள்ளை வரை போகும். இங்கிலாந்தில் பிளாட் வாங்கும்போது பெரும்பாலும் நாம் வாங்குவது ஆண்டுகளைத்தான். ஒவ்வொரு ஆண்டும் ஒன்று குறைகிறது. யாரும் கடிதம் போட்டு நினைவூட்டுவதில்லை.

எண்பது என்ற எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? 1993-ம் ஆண்டுச் சட்டப்படி, பிளாட்டின் லீஸ்தாரர் தன் லீஸுடன் 90 ஆண்டுகளைச் சேர்த்துத் தரும்படி உரிமையோடு கேட்கலாம். நிலவாடகையும் அத்துடன் ஒழியும். பதிலுக்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். உரிமையாளர் இழக்கும் நிலவாடகைக்கு ஈடு, லீஸ் முடிந்து வீடு அவர் கைக்குத் திரும்பி வருவது 90 ஆண்டு தள்ளிப்போவதற்கு ஈடு, இரண்டும் சேர்ந்ததுதான் அந்த விலை. ஆனால் மிச்சக் காலம் 80 ஆண்டைத் தாண்டி இல்லையென்றால் மூன்றாவதாக ஒரு தொகை வந்து ஏறும். வீட்டு மதிப்பைக் கணிக்கும் சர்வேயர்கள் இதை ‘மேரேஜ் வேல்யூ’ என்பார்கள். லீஸ் நீண்டதால் வீட்டின் மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ, அந்த ஆதாயத்தில் சரிபாதி உரிமையாளருக்கு.

உங்கள் வீட்டுக்கே போட்டுப் பார்த்தேன். லீஸில் இன்னொரு வரியும் இருக்கிறது: நிலவாடகை 25 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. 2033-ல் 400, 2058-ல் 800, 2083-ல் 1,600. இதை 6 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 7,000 பவுண். வீடு திரும்பிவரும் மதிப்பை, பிளாட்டுகளுக்கு வழக்கமான 5 சதவீதத்தில் கணக்கிட்டால் 6,000-க்குச் சற்று மேல். மொத்தம் 13,000-த்தைச் சுற்றி வரும். இதையே எண்பதுக்குக் கீழே இறங்கிய பிறகு செய்தால்? நீட்டித்த பிளாட்டின் மதிப்பு 320,000, நீட்டிக்காததன் மதிப்பு 285,000 என்று வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள 35,000-ல் மேலே சொன்ன 13,000-ஐக் கழித்தால் மிஞ்சும் 22,000-தான் மேரேஜ் வேல்யூ. அதன் பாதியாக மேலும் ஏறத்தாழ 11,000 பவுண் கொடுக்க நேரும். உங்கள் வீட்டை நேரில் பார்க்கும் சர்வேயரின் எண்கள் இவற்றிலிருந்து மாறலாம். ஆனால் இழப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மாறாது.

இப்போது முகவரின் கடிதத்தைப் பாருங்கள். 125 ஆண்டுக்கு 16,000 கேட்கிறார்கள். சட்டவழியில் போனால் 170 ஆண்டுக்கு மேல் கிடைக்கும், விலையும் குறைவு. அதைவிட மோசம், பழைய லீஸ் முடியும் 2107 வரை நிலவாடகை இரட்டிப்பு அப்படியே தொடரும் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. பல வங்கிகள், நிலவாடகை வீட்டு விலையின் 0.1 சதவீதத்தைத் தாண்டினால் கடன் கொடுக்கத் தயங்குகின்றன. உங்கள் வீட்டுக்கு அது 320 பவுண். 2033-ல் உங்கள் வாடகை 400. ஏறத்தாழ நீங்கள் விற்க நினைக்கும் காலம்! காசையும் கொடுத்துவிட்டு வாங்க வருபவரின் வங்கியிடம் மாட்டிக்கொள்வீர்கள். அந்த 28 நாள் கெடுவுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. பேச்சுவார்த்தை எவ்வளவு நீண்டாலும் லீஸ் குறைவது நிற்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. 2024 மே 24 அன்று புதுச் சட்டம் நிறைவேறியது. வீடு வாங்கி இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதி 2025 ஜனவரி 31 முதல் இல்லை. ஆனால் 990 ஆண்டு நீட்டிப்பு, மேரேஜ் வேல்யூ ஒழிப்பு, நிலவாடகைக் கணக்குக்கு வீட்டு விலையின் 0.1 சதவீத உச்சவரம்பு ஆகிய பெரிய மாற்றங்கள் நான் இதை எழுதும் இன்றைக்கு நடைமுறைக்கு வரவில்லை. 60, 65 ஆண்டு மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு, விற்கும் எண்ணமும் இல்லாத ஒருவர் கேட்டால் ‘பொறுத்துப் பார்க்கலாம்’ என்று நானே சொல்லக்கூடும். அவர் மேரேஜ் வேல்யூவை ஏற்கெனவே சுமக்கிறார், அது ஒழிந்தால் அவருக்கு லாபம். உங்களுக்கு அது இன்னும் வரவே இல்லை. காத்திருந்தால் நிலவாடகைக் கணக்கில் இரண்டாயிரம் சொச்சமும், எதிர்த்தரப்பின் செலவும் மிச்சமாகலாம். அதற்காக 11,000-ஐப் பணயம் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

சில ஆண்டுகளுக்கு முன் ஹாரோவிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் இறந்த பிறகு அலுமாரியைத் திறந்து, ஊர்க் காணி உறுதிக்குக் கீழே லீஸைக் கண்டெடுத்திருக்கிறார். என் மேசையில் வைத்தபோது எண்பதுக்குக் கீழே இறங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

ஆகவே 1993-ம் ஆண்டுச் சட்டத்தின் 42-ம் பிரிவுப்படி லீஸ் நீட்டிப்புக் கேட்கும் நோட்டீஸ் தைப்பொங்கலுக்கு முன் உரிமையாளரிடம் போய்ச் சேர வேண்டும். நோட்டீஸ் கொடுக்கும் நாள்தான் மதிப்பீட்டு நாள். பிறகு வழக்கு எத்தனை மாதம் இழுத்தாலும் லீஸ் அந்த நாளில் உறைந்து நிற்கும். பதில் நோட்டீஸுக்கு அவர்களுக்குக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். விலையில் இணக்கம் இல்லையென்றால், பதில் வந்த இரண்டாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதம் தவறினால் நோட்டீஸ் கைவிடப்பட்டதாகிவிடும், அடுத்ததற்கு ஓராண்டு பொறுக்க வேண்டும். இது வழக்கமான வீடு விற்பனை சொலிசிட்டரின் வேலை அல்ல. லீஸ் நீட்டிப்பையே செய்துவருபவரைத் தேடுங்கள். அரசு நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்ட் ஆலோசனை சேவை இலவசமாக வழிகாட்டும்.

பணத்துக்கு வருவோம். சீட்டைத் தொடாதீர்கள். 10,000-த்துக்கு 8,500 வாங்குவது தேவையற்ற இழப்பு. முழுத் தொகையும் இன்றைக்கே வேண்டியதில்லை. நோட்டீஸ் கொடுத்த பிறகு உரிமையாளர் கேட்டால், நீங்கள் அதில் குறிப்பிட்ட விலையின் பத்து சதவீதத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். சர்வேயர், சொலிசிட்டர், எதிர்த்தரப்பின் நியாயமான செலவு எல்லாமாகச் சில ஆயிரம் ஆகும். இவற்றுக்கு ஐசா போதும். பெரிய தொகை முடிவில்தான், அதற்குப் பல மாதம் இருக்கிறது. அதற்குள் வீட்டுக்கடன் தந்த வங்கியிடமே கூடுதல் கடன் கேளுங்கள். லீஸ் நீளுவது அவர்களின் ஈட்டுக்கும் நல்லது என்பதால் காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள்.

இந்த வாரம் நில உரிமைப் பதிவேட்டின் பிரதியை எடுத்து, உங்கள் இருவர் பெயரும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். நம் பெயர்கள் தந்தை பெயர் முன்னும் பின்னுமாக, எழுத்துக்கூட்டல் மாறிப் பதிவாகியிருப்பது சாதாரணம். நோட்டீஸில் இருவர் பெயரும் பதிவேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நிலவாடகை வசூலிப்பவரும் நோட்டீஸ் பெற வேண்டியவரும் ஒருவர்தானா என்பதையும் சொலிசிட்டர் அதே பிரதியை வைத்துப் பார்த்துச் சொல்வார்.